அலுமாரியில் கை வைக்கமுன்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் அஜாக்ஸில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு பண்ணை வளவில் கிடந்த 1974ஆம் ஆண்டு போலர் என்ற சின்னத் தங்கும் ட்ரெயிலர் ஒன்றை 3,200 டொலருக்கு வாங்கினேன். 13 அடி நீளம். பல வருடமாக ஓடாமல் நின்றதாம். கதவடியில் கால் வைத்தால் நிலப்பலகை அமிழ்கிறது. மழை பெய்தால் பின் யன்னலுக்குக் கீழே ஈரம் தெரிகிறது. உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெத்தை போன்ற உறை சில இடங்களில் கழன்று தொங்குகிறது. எலிப் புழுக்கையும் இருக்கிறது. என் மச்சான் வீடு திருத்தும் வேலை செய்பவர். "உள்ளே இருப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கோதிலிருந்து புதிதாகக் கட்டுவோம்" என்கிறார். எங்களுக்கு 9, 6 வயதில் இரண்டு பிள்ளைகள். ஜூலைக் கடைசியில் அல்கொன்குவின் பூங்காவில் நான்கு இரவுக்கு இடம் பதிந்துவிட்டோம். இழுப்பதற்கு மினிவான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? மச்சான் சொல்வது போலச் செய்யலாமா?

தம்பி, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சனிக்கிழமையே மச்சான் சுத்தியலோடு வந்து நிற்கக்கூடும். வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்ற வேண்டாம். அதிலும், நிலத்திலிருந்து கூரை வரை ஓர் ஒடுங்கிய உடுப்பு அலுமாரி நிற்கிறதே, அதில் இப்போதைக்கு ஒருவரும் கை வைக்கக் கூடாது.

போலரின் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஃபைபர்கிளாஸ் கோது. அதற்குள் மரச் சட்டமோ இரும்புச் சட்டமோ கிடையாது. கூரையின் பாரத்தைத் தாங்குவது அந்த அலுமாரி. பக்கச் சுவர்கள் பிதுங்காமல் பிடித்து வைத்திருப்பவை குசினிப் பெட்டியும் இருக்கைப் பெட்டிகளும் மேல்தட்டுகளும். எல்லாம் சுவரோடு ரிவெட் அடித்து இணைத்தவை. தளபாடம் போலத் தெரிந்தாலும் ட்ரெயிலரின் எலும்புகள் அவைதான். மச்சானுக்கு அவருடைய தொழிலை வைத்தே சொல்லுங்கள்: அந்த அலுமாரி, வீட்டில் பாரம் தாங்கும் சுவர் மாதிரி. அப்படி ஒரு சுவரை முட்டுக் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் உடைக்க மாட்டார்.

நான் ஃபைபர்கிளாஸ் வேலை பழகியது 1980களின் தொடக்கத்தில், காரைநகர் சீநோர் படகுத் தளத்தில். வார்ப்பிலிருந்து எடுத்த புதுப் படகுக் கோதை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து அமத்தினால் விளிம்பு வளைந்து கொடுக்கும். உள்ளே வங்கும் (விலா எலும்பு போன்ற மரம்) குறுக்குப் பலகையும் வைத்து ஒட்டிய பிறகுதான் அது கடலுக்குப் போகும். இதெல்லாம் தெரிந்திருந்தும், ஸ்காபரோவில் நான் முதன்முதலாகத் திருத்திய போலரில் இந்தப் பிழையை விட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுமாரியைக் கழற்றினேன். திங்கட்கிழமை காலை கதவு மூடவில்லை. கூரை இறங்கி, கதவு நிலை கோணிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்திப் பழைய வளைவுக்குக் கொண்டுவர மூன்று வாரம் எடுத்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கோடை விடுமுறை ட்ரெயிலர் இல்லாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எந்தப் போலருக்குள்ளும் அளவு நாடா இல்லாமல் ஏறியதில்லை.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மேற்கொண்டு சொல்வது எல்லாம் இலகுவாக விளங்கும். போலர் பிறந்தது வின்னிபெக்கில், 1968இல். அதை உருவாக்கிய ரே ஒலெக்கோ அதற்கு முன்னர் ஃபைபர்கிளாஸில் மலக்குழித் தொட்டி செய்தவர். தொட்டியை மேல் பாதி, கீழ் பாதி என்று வார்த்து நடுவில் பொருத்துவது போலவே ட்ரெயிலரையும் இரண்டு பாதிகளாக வார்த்து இடுப்பில் இணைத்தார். சின்னக் கார்கூட இழுக்கக்கூடிய பாரம், மரச் சுவர் இல்லாததால் உக்காத உடம்பு. உருண்ட தொப்பி போன்ற தோற்றத்தால்தான் அந்தப் பெயரும் வந்தது. பிறகு ஒன்ராறியோவில் ஏர்ள்டன் ஊரிலும் ஆல்பேர்ட்டாவிலும்கூடச் செய்தார்கள். 1988இல் உற்பத்தி நின்றது. ஆனாலும் 2018இல் வின்னிபெக்கில் போலரின் 50ஆவது ஆண்டைக் கொண்டாட நூற்றுக்கணக்கான பேர் தங்கள் ட்ரெயிலர்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வருடம் கழித்தும் அத்தனை ஓடுகின்றன என்றால் அந்தக் கோதின் பலம்தான் காரணம். அதைக் கெடுக்காமல், உக்கியதை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவதுதான் உங்கள் வேலை.

சரி, தொடங்குவோம். எலியில் இருந்து.

புழுக்கையைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள், வெற்றிடத் தூசுறிஞ்சியும் வேண்டாம். கனடாவில் மான் எலியின் எச்சத் தூசியைச் சுவாசிப்பதால் ஹன்டா வைரஸ் தொற்றக்கூடும். அரிதாகத்தான் வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. கதவு, யன்னல் எல்லாம் திறந்து வைத்து அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். பிறகு கையுறையும் நல்ல முகமூடியும் போட்டுக்கொண்டு, பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்துப் புழுக்கையை நன்றாக நனைய விட்டு, கடதாசித் துணியால் வழித்து எடுங்கள். இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் கிட்ட வரக் கூடாது. பழைய மெத்தைகளில் எலி கூடு கட்டியிருந்தால் அவற்றை யோசிக்காமல் எறியலாம். யோசிக்காமல் எறியச் சொல்லி நான் சொல்லும் ஒரே சாமான் அதுதான்.

அடுத்தது, எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவைக்கும் வேலை: கீழே படுத்துப் பார்ப்பது. சட்டமும் அச்சும். இவற்றை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அச்சு மாற்ற வேண்டியிருந்தால் அதை அளவு கொடுத்துச் செய்விக்க வேண்டும். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். ஜூன் மாதத்தில் போய்க் கண்டுபிடித்தால் ஜூலைப் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

ட்ரெயிலரைச் சமமான சீமெந்து நிலத்தில் நிறுத்தி, சட்டத்துக்குக் கீழே ஜாக் தாங்கிகள் நான்கு வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போகாதீர்கள். கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்துவிட்டு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இரண்டு இடங்களை ஊன்றிப் பார்க்க வேண்டும்: முன் இழுகைச் சட்டம் உடம்புக்குக் கீழே நுழையும் இடம், அப்புறம் சட்டம் வளைந்து இறங்கும் மூலைகள். வெடிப்பு இருந்தால் மயிரிழை போல ஒரு கோடும் அதிலிருந்து வடிந்த கறள் நிறமும் தெரியும். தெரிந்தால் உரிமம் பெற்ற வெல்டரிடம் கொடுங்கள். வெடிப்பை மட்டும் நிரப்பி விடாமல் இரு பக்கமும் நீளும் இரும்புத் தகடு வைத்து வலுப்படுத்தச் சொல்லுங்கள். வெல்டிங் நடக்கும்போது உள்ளே ஒருவர் தண்ணீரோடு நிற்க வேண்டும். மேலே இருப்பது காய்ந்த பலகையும் பொலியெஸ்டர் பிசினும். தீப்பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது.

அச்சு விடயம் இன்னும் முக்கியம். போலரில் விற்சுருளும் இல்லை, தட்டு வில்லும் இல்லை. சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரத் தண்டு, இரண்டுக்கும் இடையில் ரப்பர் கயிறுகள். சில்லு மேலே எழும்பும்போது தண்டு திரும்பி ரப்பரை நசுக்கும். அந்த ரப்பர்தான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. உங்களுடையது 1974ஆம் ஆண்டு ரப்பர் என்றால் அது இன்று கல்லாக இறுகியிருக்கும் என்பதுதான் என் அனுபவம். சோதிப்பது சுலபம். சில்லு நிலத்தில் நிற்கும்போது டயரின் மேல் விளிம்புக்கும் சில்லுக்கூட்டின் உட்பக்கத்துக்கும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு அந்தப் பக்கச் சட்டத்தைத் தூக்குங்கள். பாரம் விலகியதும் சில்லைப் பிடித்திருக்கும் கை கீழே இறங்கி அந்த இடைவெளி கூட வேண்டும். சட்டத்தோடு சேர்ந்து சில்லும் அப்படியே கிளம்பி வந்தால் ரப்பர் செத்துவிட்டது. அப்படியான அச்சில் ஓடினால் தெருவின் ஒவ்வொரு குழியும் நேராகக் கோதுக்கும் ரிவெட்டுகளுக்கும் போகும். நீங்கள் மாய்ந்து மாய்ந்து அடைத்த ஒழுக்கெல்லாம் முதல் பயணத்திலேயே திறக்கும்.

புது அச்சு வாங்குவதானால் மின் பிரேக் உள்ளதாக வாங்குங்கள். ஒன்ராறியோ சட்டப்படி மொத்தப் பாரம் 1,360 கிலோவை எட்டும் ட்ரெயிலருக்குத்தான் பிரேக் கட்டாயம். உங்களுடையது சாமான் ஏற்றினாலும் அந்த எல்லைக்கு வெகு கீழே. இருந்தும் சொல்கிறேன், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அல்கொன்குவினை ஊடறுக்கும் 60ஆம் நெடுஞ்சாலை ஏற்றமும் இறக்கமும் வளைவுமாகப் போகும். இறக்கத்தில் ஒரு மூஸ் மான் குறுக்கே வந்தால் மினிவானின் பிரேக் மட்டும் முழுப் பாரத்தையும் பிடிக்க வேண்டியிருக்கும். அச்சு மாற்றும்போதே பிரேக்கும் போட்டால் கூடுதலாக ஆகும் செலவு பெரிதல்ல.

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1214 என்றால் 2014ஆம் ஆண்டு 12ஆவது வாரம் செய்தது. டயரின் பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆறு வருடத்துக்கு மேற்பட்டதை மாற்றிவிடுங்கள். பண்ணை வெயிலில் நின்ற டயர் உள்ளே உக்கியிருக்கும்.

இனி நீங்கள் முதலில் கேட்ட நிலப்பலகை. போலரின் கோது நிலப்பலகையின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது, நிலப்பலகை சட்டத்தோடு போல்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. அதாவது மேலே இருக்கும் வீட்டைக் கீழே இருக்கும் சில்லுகளோடு சேர்த்து வைத்திருப்பது அந்தப் பலகைதான். அது உக்கினால் கால் அமிழ்வது சின்னப் பிரச்சினை. 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது கோது சட்டத்தில் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

அவசரப்பட்டு வெட்டாதீர்கள். மேலே ஒட்டிய விரிப்பை உரித்துவிட்டு, காற்றாடியும் ஈரமுறிஞ்சியும் போட்டு இரண்டு வாரம் காய விடுங்கள். பிறகு ஒரு கூரான ஊசிக் கருவியை எடுத்து, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு குத்து. நல்ல பலகை எதிர்த்து நிற்கும், உக்கினது வெண்ணெய் போல விடும். விட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடு போடுங்கள். ஈரமாக இருந்தபோது முழுவதும் போய்விட்டதாகத் தோன்றிய நிலத்தில், காய்ந்த பிறகு கதவடியும் இரண்டு மூலையும் மட்டும்தான் பழுது என்று நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

வெட்டுவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, அளவு. கதவு நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும், கூரை நடுவிலிருந்து நிலத்துக்கு உள்ள உயரத்தையும் அளந்து, மறைப்பு நாடாவில் எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போகும்போது திரும்ப அளக்க வேண்டும். இரண்டு, முட்டு. 2க்கு 2 மரக் கால்களின் தலையில் அகலமான பலகைத் துண்டும் பழைய கம்பளமும் வைத்துக் கூரையைத் தாங்கக் கொடுங்கள். முட்டின் அடி, வெட்டப் போகும் பலகையில் நிற்கக் கூடாது. கீழே உள்ள இரும்புச் சட்டத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அலுமாரிக்குக் கீழேயுள்ள பலகையும் உக்கியிருந்தால், இந்த முட்டுகள் எல்லாம் ஏறிய பிறகு அலுமாரியைக் கழற்றலாம். அதே வாரத்தில் அது திரும்பப் பொருத்தப்படவும் வேண்டும்.

உக்கிய பகுதியை மட்டும், நல்ல மரம் வரும் வரை, குறுக்குச் சட்டத்தின் மேல் மூட்டு விழும்படி வெட்டி எடுங்கள். முதலில் கடதாசிப் பெட்டி மட்டையில் வடிவம் எடுத்துப் பொருத்திப் பார்த்தால் பலகை வீணாகாது. பழையதன் தடிப்பை அளந்து அதே தடிப்பில் வெளிப்புறத் தர பிளைவுட் வாங்குங்கள். மச்சான் வீட்டுக்கு வெளியே மரத் தளம் (டெக்) போடப் பாவிக்கும் மருந்தேற்றிய பச்சைப் பலகையைக் கொண்டுவருவார். அது வேண்டாம். ஈரம் நிறைந்தது, பிசின் அதில் சரியாகப் பிடிக்காது. புதுப் பலகையின் இரண்டு முகத்துக்கும் எப்பொக்சி என்ற பிசினைப் பூசுங்கள். ஓரங்களுக்கு மூன்று தரம். தண்ணீர் குடிப்பது முகமல்ல, ஓரம். போல்ட் ஓட்டைகளுக்குப் படகுக்காரர்கள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது: வேண்டிய அளவை விடப் பெரிதாகத் துளைத்து, தடிப்பாக்கிய எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளைப்பது. போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது, ஆகவே அங்கே தண்ணீர் போனாலும் உக்குவதற்கு ஒன்றுமில்லை. கடலில் நிற்கும் படகிலேயே தாங்கும் முறை இது.

இங்கே பலரும் பணத்தை வீணாக்கும் ஓர் இடம் உண்டு. கடையில் ஃபைபர்கிளாஸ் பாய் என்று மலிவாகக் கிடைக்கும். அதன் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பொக்சியோடு பாவித்தால் பாய் விறைத்து நிற்கும், வளைவில் படியாது. எப்பொக்சி என்றால் நெய்த துணி, அல்லது தைத்த இழைத்துணி வாங்குங்கள். கோதின் வெளிப்பக்கத்தில் வெடிப்புத் திருத்தி மேலே ஜெல்கோட் என்ற பளபளப்பான மேற்பூச்சுப் பூசுவதாக இருந்தால் அங்கே பொலியெஸ்டர். எப்பொக்சியின் மேல் பொலியெஸ்டர் நன்றாக ஒட்டாது. நிலத்துக்கு எப்பொக்சி, வெளித்தோலுக்குப் பொலியெஸ்டர் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கோதின் உட்பக்கத்தைத் தேய்க்கும்போது நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள முகமூடி, நீளக் கைச் சட்டை, கண்ணாடி. காரைநகரில் நாங்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு செய்தோம். அந்த இருமலை நீங்கள் வாங்க வேண்டியதில்லை.

இப்போது ஏப்ரல். அஜாக்ஸில் கராஜ் இரவில் குளிர்ந்து போகும், குளிரில் எப்பொக்சி இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். ஒட்டும் வேலையை மே மாத விக்டோரியா நாள் நீண்ட வார இறுதிக்கு வையுங்கள். அதுவரை காய விடுவதும் அளப்பதும் கீழ் வேலையும் போதும்.

ஒழுக்கைப் பற்றி. ஈரம் பின் யன்னலுக்குக் கீழே தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யன்னலில்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். கூரையில் ஒரு ரிவெட்டில் புகுந்த தண்ணீர் உறைக்குப் பின்னால் வழிந்து மூன்று அடி தள்ளி வெளியே வரும். கோதில் ஏராளமான ரிவெட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுவரைத் துளைத்துப் போகும் ஓர் ஓட்டை.

கண்டுபிடிக்க நல்ல வழி, உள்ளே காற்றை ஊதுவது. கூரையில் உள்ள காற்று வாயிலை மட்டையால் மூடி நாடா ஒட்டி, அதில் ஒரு துளை போட்டு, பட்டறைத் தூசுறிஞ்சியின் ஊதும் பக்கத்தைச் சொருகுங்கள். கதவு, யன்னல் மூடியிருக்கட்டும். வெளியே சவர்க்காரத் தண்ணீரைப் பூசிக்கொண்டு போனால் ஓட்டை உள்ள இடமெல்லாம் குமிழி வரும். இந்த வேலைக்குப் பிள்ளைகளை விடுங்கள். ஆளுக்கு ஒரு தூரிகை, ஒரு பென்சில். குமிழி வந்த இடத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். பெரியவர்களை விடக் கவனமாகத் தேடுவார்கள், இந்த ட்ரெயிலர் தங்களுடையது என்ற எண்ணமும் அன்றைக்கே வந்துவிடும்.

குமிழி விட்ட ரிவெட்டைத் துளைத்து எடுத்து, முனை மூடிய அலுமினிய ரிவெட் போடுங்கள். கழுத்தில் பொலியூரேதேன் அடைப்பான் கொஞ்சம், மேலே பிளாஸ்டிக் தொப்பி. யன்னல் ஒழுகினால் முழுச் சட்டத்தையும் கழற்றிப் பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துப் பொருத்துங்கள். திருகாணிகளை ஒரே நாளில் இறுக்கி முடிக்க வேண்டாம். இன்று பாதி, இரண்டு நாள் கழித்து மீதி. நாடா மெல்ல மெல்ல நசுங்கி இடைவெளியை நிரப்பும். சிலிக்கனை மட்டும் இந்த ட்ரெயிலருக்குக் கிட்டவே கொண்டு வராதீர்கள். கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு ஓரம் கிளம்பும், அதன் மேல் வேறு எந்த அடைப்பானும் ஒட்டாது, வர்ணமும் ஒட்டாது. என் பட்டறைக்கு வரும் பழைய ட்ரெயிலர்களில் பாதி நேரம் யாரோ அன்போடு பூசிய சிலிக்கனைச் சுரண்டுவதில்தான் போகிறது.

தொங்கும் உட்சுவர் உறையை மச்சான் முதலில் கிழிப்பார், அதனால் இதையும் சொல்கிறேன். அதன் பெயர் என்சொலைட். மூடிய கண் நுரையும் மேலே வைனில் தோலும். அது அலங்காரம் இல்லை, அந்தக் கோதுக்கு இருக்கும் ஒரே குளிர் காப்பு. கிழித்துவிட்டால், நான்கு பேர் உள்ளே படுக்கும் குளிர்ந்த இரவில் மூச்சின் ஈரம் வெறும் ஃபைபர்கிளாஸில் பட்டு விடியும்போது மெத்தையில் சொட்டும். மென்மையான சவர்க்காரத்தால் கழுவுங்கள், பூஞ்சணம் போகும். கழன்ற இடத்தைத் தொடு பசையால் திரும்ப ஒட்டுங்கள். மஞ்சள் நிறம் பிடிக்கவில்லை என்றால் வைனிலுக்கான வர்ணம் பூசலாம்.

மின்கம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலி கடித்த 50 வருடக் கம்பியைத் திருத்தாதீர்கள், முழுதாக மாற்றுங்கள். பின் விளக்கு மங்கி மங்கி எரிந்தால் பெரும்பாலும் வெள்ளை நிலக் கம்பி கறள் பிடித்த சட்டத்தில் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். மின்கலம் வைத்தால் அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிரதான ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியம் மின்கலம் வாங்குவதானால், உறை நிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக் கூடாது என்பதை நினைவில் வைத்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். 120 வோல்ட் பக்கம் உரிமம் உள்ள மின்பணியாளருக்கு உரியது.

கேஸ் பக்கம் நீங்களும் போக வேண்டாம், மச்சானும் போக வேண்டாம். ஒன்ராறியோவில் அதற்கு உரிமம் பெற்ற தொழில்நுட்பர் வேண்டும். கனடாவில் புரோப்பேன் சிலிண்டருக்குப் பத்து வருடம் ஒருமுறை மறுபரிசோதனை, அல்லது புதுச் சிலிண்டர். பண்ணையிலிருந்து வந்ததன் கழுத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். இந்த வருடம் அடுப்பைக் கழற்றாமல், கேஸை இணைக்காமல் விட்டு, வெளியே மேசையில் சமையுங்கள். எப்படியோ, காபனோரொட்சைட்டு அலாரமும் புகை அலாரமும் தீயணைப்பானும் முதல் இரவுக்கு முன்னரே உள்ளே இருக்க வேண்டும்.

கடைசியாகப் பாரம். வீடு திருத்துபவர்கள் ட்ரெயிலர் கட்டும்போது எனக்குள்ள பயம் இதுதான். மச்சானின் கை நல்ல கையாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கை முக்கால் அங்குல பிளைவுட்டுக்கும் தரை ஓட்டுக்கும் பழகியது. உங்கள் போலர் வெறுமையாக 1,000 இறாத்தலை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுக் குசினி போல ஒன்றை உள்ளே கட்டினால் சில நூறு இறாத்தல் தெரியாமலே ஏறிவிடும். மினிவானின் இழுவை எல்லை பலவற்றில் 3,500 இறாத்தல், அதுவும் அதற்குரிய இணைப்புப் பொதி இருந்தால். உங்கள் வாகனக் கையேட்டைப் பாருங்கள். மொத்தத்தை விட முக்கியம், பாரம் எங்கே இருக்கிறது என்பது. ட்ரெயிலரை வானோடு இணைக்கும் கொழுவியில் விழும் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். குறைந்தால், அதாவது பின்னால் பாரம் கூடினால், வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். ஆட்டம் பிடித்த ட்ரெயிலரை ஓட்டி நிறுத்துவது கடினம். போலருக்கு இதை அளக்க வீட்டுக் குளியலறைத் தராசே போதும். முன் முனையைக் கொழுவி உயரத்தில் ஒரு மரக்குற்றியில் வைத்து, குற்றியின் கீழே தராசு. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு. தண்ணீர்க் கலன், பனிப்பெட்டி, சைக்கிள் எல்லாம் பயணத்தில் இருக்கப்போகிற இடத்திலேயே இருக்க அளந்தால்தான் அது சரியான கணக்கு.

ஜூலையைப் பற்றி நேராகச் சொல்கிறேன். சட்டத்தில் வெடிப்பில்லாமல், அச்சு நேரத்துக்கு வந்து, உக்கல் கதவடியோடு நின்றால், முடியும். உள்ளே அழகு ஒன்றும் இருக்காது. பின்னால் மேசையை இறக்கினால் உங்கள் இருவருக்கும் கட்டில், முன் இருக்கையின் முதுகைத் தூக்கினால் பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. அது போதும். திரைச்சீலையும் வர்ணமும் பனிக்காலத்து வேலை. ஜூன் 15க்குள் நிலம் ஒட்டி முடியாவிட்டால் பதிந்த இடத்துக்குக் கூடாரத்தோடு போங்கள், அவசரத்தில் ஒட்டிய நிலத்தின் மேல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். முடிந்தால், ஜூலைத் தொடக்கத்தில் ஓர் இரவு டார்லிங்டன் மாகாணப் பூங்காவுக்கு இழுத்துப் போய்வாருங்கள், உங்களிடமிருந்து அரை மணி நேரம்தான். சில்லுக் கொட்டைகளை வீட்டில் அளவாக இறுக்கி, முதல் 80 கிலோமீற்றருக்குப் பிறகு திரும்ப இறுக்க வேண்டும். புதுச் சில்லுகள் ஓடி அமரும்போது கொட்டை தளரும். தெருவோரத்தில் நின்று கைவைத்து அச்சின் இரு முனையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அங்கே போல்ரேஸ் (சில்லுப் பெயரிங்) பழுது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

போலரின் வழிவந்த ஸ்காம்ப் ட்ரெயிலரை மினசோட்டாவில் பேக்கஸ் ஊரில் இன்றும் 13 அடியில் செய்கிறார்கள். கதவு ரப்பர், யன்னல் போன்ற பல பாகங்களை அங்கிருந்து எடுக்கலாம், அளவை மட்டும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வார இறுதிக்கு உங்களுக்கு மூன்று அளவுதான் வேலை. கதவு நிலையின் இரண்டு மூலைவிட்டங்கள், கூரை நடுவின் உயரம், சில்லு நிலத்தில் நிற்கும்போதும் தூக்கிய பிறகும் டயருக்கு மேலுள்ள இடைவெளி. அவற்றோடு, வளைவுகளில் சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகு எடுத்த படங்களையும் எனக்கு அனுப்புங்கள். அச்சுக்கு அளவு கொடுக்கமுன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.